பதிப்பிக்கும் இடத்துக்கு ஏற்ப ஆய்வே மாறிவிடுகிறதா?

உப்பாறு (கேள்வி)

வணக்கம். தூத்துக்குடி வட்டார உப்பளங்களில் வேலை செய்யும் பெண்களின் கூலி, முன்பணம், கங்காணி (வேலைக்கு ஆள் சேர்த்து மேற்பார்வை செய்பவர்) முறை ஆகியவற்றைப் பற்றிச் சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். களப்பணி பெரும்பாலும் முடிந்து, இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே களக்குறிப்பு, எங்கே அச்சாகப்போகிறது என்பதைப் பொறுத்து வெவ்வேறு ஆய்வாக உருமாறுவதை எழுதத் தொடங்கிய பிறகுதான் பார்க்கிறேன்.

ஆங்கில ஆய்விதழ் ஒன்றுக்கு அனுப்பிய கட்டுரையை மதிப்பிட்ட இருவருமே, இது ஒரு வட்டாரத்தின் விவரமாக நின்றுவிடுகிறது என்றும், நிலையற்ற உழைப்பு பற்றி உலக அளவில் நடக்கும் விவாதத்தோடு இதை இணைக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். அவ்வாறே திருத்தியபோது, மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் அடுத்த பருவத்தின் கூலியில் எப்படிக் கழிக்கப்படுகிறது என்று பல பெண்கள் பொறுமையாக விளக்கிய பகுதி பாதியாகச் சுருங்கியது; அந்த இடத்தில் நான் பார்த்தேயிராத நாடுகளைப் பற்றிய மேற்கோள்கள் வந்து சேர்ந்தன. தமிழ் மாத இதழ் ஒன்றின் ஆசிரியரோ, அட்டவணைகளையும் அடிக்குறிப்புகளையும் எடுத்துவிட்டு, ஒரே ஒரு பெண்ணின் வாழ்க்கையை மையமாக வைத்து எழுதித் தந்தால் உடனே வெளியிடுவதாகச் சொன்னார். கருத்தரங்கத் தொகுப்பில் நான்கு பக்கம் கிடைக்கும். அதற்கு நாமே பணம் கட்ட வேண்டும். தொழிற்சங்கத்தில் இருக்கும் ஓர் அக்கா கேட்டது இவற்றில் எதுவும் இல்லை. எந்தப் பகுதி அளத்தில் என்ன கூலி, எந்த வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் எவ்வளவு வேறுபாடு என்ற பட்டியல் மட்டும் தமிழில் கிடைத்தால் பேச்சுவார்த்தைக்குப் பயன்படும் என்றார். அந்தப் பட்டியல் என் குறிப்பேட்டில் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் கணக்கில் அதற்கு இடம் இல்லை.

நான் கேட்க விரும்புவது இதுதான். பதிப்புமுறை நம் ஆய்வின் உருவத்தை மட்டும் மாற்றுகிறதா, அல்லது சமூகத்தைப் பற்றி எது அறிவாக நிலைக்கிறது என்பதையே தீர்மானிக்கிறதா? தமிழ்ச் சூழலில் இது கட்டுரைகளை எண்ணி ஆசிரியர்களுக்குப் புள்ளி தரும் மதிப்பெண் முறை வந்த பிறகு தோன்றிய சிக்கலா, முன்பும் இப்படித்தான் இருந்ததா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், எழுதும் வரிசையையாவது சரியாக முடிவு செய்துகொள்வேன்.

கூடல்வாசி

அன்புள்ள உப்பாறு, நெடுங்காலம் கல்லூரியில் சமூகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு முதலில் பதில் சொல்கிறேன். எண்ணிக்கை பார்க்கும் பழக்கம் புதியது; அதற்குத் தெளிவான தேதிகள் உண்டு. பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொண்டுவந்த விதிமுறைகள் ஆசிரியரின் பதவி உயர்வை ஏபிஐ என்ற மதிப்பெண் கணக்கோடு இணைத்தன. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு என்று புள்ளி வந்ததும், புள்ளி தரும் இதழ்கள் மழைக்காளான்போல் முளைத்தன. 2017இல் ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்று வெளியானது. அடுத்த ஆண்டு மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்கள் ஒரே அறிவிப்பில் நீக்கப்பட்டன. பிறகு 2019இல் கேர் என்ற பெயரில் புதிய இதழ்ப் பட்டியல் வந்தது. அதுவும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டு, இதழின் தரத்தை அந்தந்தக் கல்வி நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று விடப்பட்டது. பதினைந்து ஆண்டுகளுக்குள் அளவுகோல் இத்தனை முறை மாறியிருக்கும்போது, அந்த அளவுகோலுக்காகவே எழுதப்பட்ட கட்டுரைகளின் கதி என்னவென்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆய்வு மாணவர்களுக்கும் இதே கதைதான். ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஆய்விதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகளும் அளித்திருக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டு விதி சொன்னது. 2022 நவம்பரில் வந்த புதிய விதிகளில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் பல்கலைக்கழகங்கள் தம் அளவில் அதை வைத்துக்கொள்ள முடியும் என்பதால், உங்கள் பல்கலைக்கழகத்தின் இன்றைய விதியை எழுத்து வடிவில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாய்மொழியாகச் சொல்லப்படும் பல கட்டாயங்கள் விதிப்புத்தகத்தில் இருப்பதில்லை.

இந்த முறை கேள்விகளையே மாற்றிவிட்டதை வகுப்பறையில் இருந்தபடி கண்டிருக்கிறேன். முன்பு ஒரு மாணவர் ஒரு கிராமத்தில் ஓராண்டு தங்கி ஒரே நீண்ட ஏடு எழுதுவார். அது அச்சாகாமல் போனாலும் அதில் ஒரு முழுமை இருக்கும். இப்போது தொடக்கத்திலேயே, இதிலிருந்து எத்தனை கட்டுரை எடுக்கலாம் என்று கணக்குப் போட்டுத்தான் தலைப்பே தேர்வாகிறது. வினாநிரலைக் கொடுத்து விரைவில் முடிக்கக்கூடிய தலைப்புகள் பெருகின. ஒரு பருவம் முழுவதும் காத்திருந்து பார்க்க வேண்டியவை குறைந்தன. மழைக்காலத்தில் வாங்கிய முன்பணம் கோடையில் கழிவதை அறிய வேண்டுமானால் இரண்டு பருவங்களுமே வேண்டும். அப்படிப்பட்ட ஆய்வை இன்றைய முறை தண்டிக்கிறது என்றே சொல்வேன்.

இதற்கு மாறான முன்னுதாரணம் உங்கள் பக்கத்து மாவட்டத்திலேயே இருந்தது. நா. வானமாமலை எந்தப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக இருந்தவர் அல்லர்; பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தியபடியே 1969இல் ‘ஆராய்ச்சி’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அவர் தொடங்கிய நெல்லை ஆய்வுக் குழுவின் கூட்டங்களில் கட்டுரைகள் வாசிக்கப்பட்டு, விவாதிக்கப்பட்டன. பள்ளி ஆசிரியர்களும் அலுவலக ஊழியர்களும் அங்கே ஆய்வாளர்களாக உருவானார்கள். தூத்துக்குடியில் கல்லூரி ஆசிரியராக இருந்த ஆ. சிவசுப்பிரமணியன் அந்த வட்டத்திலிருந்து வந்தவர்தான். புள்ளி எதுவும் கிடைக்காத அந்த இதழ் இல்லையென்றால், கதைப்பாடல்களையும் நாட்டார் வழிபாட்டையும் சமூக வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் முறை தமிழில் இவ்வளவு வேரூன்றியிருக்காது என்பது என் கணிப்பு. அதே சமயம், அந்த இதழ் ஒரு மனிதரின் உழைப்பில் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும்.

பழந்தாள்

கூடல்வாசி ஐயா சொன்ன புள்ளிக் கணக்கு புதியது என்பதை ஏற்கிறேன். ஆனால் எது அறிவாக நிற்கும், எது கரைந்துபோகும் என்பதை அச்சுமுறை முடிவு செய்வது தமிழில் நூறாண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்ட ஒன்று. பழைய இதழ்களை மின்னாக்கம் செய்து பட்டியலிடும் வேலையில் இருப்பதால், எனக்கு உடனே நினைவுக்கு வரும் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்.

சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், க. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எழுதிய ஏழு தொகுதிகள் 1909இல் சென்னை அரசு அச்சகத்திலிருந்து வெளிவந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1907 ஜூனில், அதே நகரின் ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கியிருந்தார். அது ஓராண்டுக்குப் பின் ‘தமிழன்’ ஆயிற்று. இருவரும் எழுதியது ஒரே சமூகத்தைப் பற்றித்தான். ஒருவர் சாதிகளை அகரவரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் வழக்கங்களையும் வெளியிலிருந்து விவரித்தார். மற்றவர், இந்த அடுக்கு எப்படி உண்டானது, ஒரு மக்கள் கூட்டம் தாழ்ந்ததாக எப்படி ஆக்கப்பட்டது என்ற கேள்வியை எழுப்பி, இலக்கியம், பண்டிகை, ஊர்ப்பெயர், மருத்துவம் என்று கிடைத்த எல்லாவற்றையும் சான்றாகக் கொண்டு பௌத்தப் பின்னணியில் வேறொரு வரலாற்றை எழுதினார். அவருடைய முடிவுகள் அனைத்தையும் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் சமூகத்தைப் பற்றிய கோட்பாடு என்று சொல்லத்தக்கது இந்த இரண்டில் எங்கே இருந்தது என்று கேட்டால், நான் வார இதழைத்தான் காட்டுவேன்.

இனி அச்சின் கதையைப் பாருங்கள். தர்ஸ்டனின் தொகுதிகள் தடித்த அட்டையோடு அரசு அலுவலகங்களுக்கும் வெளிநாட்டு நூலகங்களுக்கும் போயின, மறுபதிப்புகள் கண்டன, பிற்பாடு தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றைத் தமிழிலும் கொண்டுவந்தது. ‘தமிழன்’ சில பக்கங்களே கொண்ட மலிவான இதழ். கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் அதைப் படித்தார்கள், கூடிப் பேசினார்கள். ஆனால் அந்த வாசகர்களில் எவரும் நூலகங்களுக்கு நூல் வாங்கும் இடத்தில் இல்லை. 1914இல் பண்டிதர் மறைந்தார். கோலாரின் சித்தார்த்த புத்தகசாலை அவருடைய எழுத்துகள் சிலவற்றைச் சிறு நூல்களாக அச்சிட்டுக் காப்பாற்றியது. 1993இல் வ. கீதாவும் எஸ்.வி. ராஜதுரையும் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி என்ற ஆங்கில வார இதழில் எழுதியதுபோன்ற சில முயற்சிகளை விட்டால், கல்விப்புலத்தில் அவர் பெயர் அரிதாகத்தான் கேட்டது. தனிமனிதர்கள் வீடுகளில் பாதுகாத்துவைத்திருந்த பிரதிகளிலிருந்து ஞான. அலாய்சியஸ் தொகுக்க, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999இல் அவற்றை வெளியிட்டது. அவர் இறந்து 85 ஆண்டுகள் கழித்து! அதன் பிறகுதான் அவரைப் பற்றிய ஆய்வேடுகளும் கருத்தரங்குகளும் விவாதங்களும் பெருகின. இடைப்பட்ட காலத்தில் சாதியைப் பற்றி ஆய்வு செய்தவர்கள் தர்ஸ்டனை மேற்கோள் காட்டியதற்கு அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. நூலக அலமாரியில் எது இருந்ததோ அதைத்தான் எடுத்தார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறுபதிப்பும் ஒரு பதிப்புமுறையே. வாரந்தோறும் வந்த எழுத்தைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும்போது தேடுவது எளிதாகிறது. ஆனால் அந்த வாரம் எந்த வாசகரின் கேள்விக்கு விடையாக அது எழுதப்பட்டது, பக்கத்தில் என்ன செய்தி இருந்தது, என்ன விளம்பரம் வந்தது என்பதெல்லாம் பார்வையிலிருந்து விலகிவிடுகிறது. ஒரு சமூகம் கூடி விவாதித்து உருவாக்கிய அறிவு, ஒரு தனிச் சிந்தனையாளரின் நூலாகத் தோன்றத் தொடங்குகிறது. அந்தக் காலத் தமிழ் இதழ்கள் பலவற்றைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பகுதி, அரசாங்கம் தன் கண்காணிப்புக்காக ஆங்கிலத்தில் எடுத்துவைத்த செய்திச் சுருக்கங்களிலிருந்து வருகிறது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். காவலர் குறித்துவைத்தது ஆவணக்காப்பகத்தில் இருக்கிறது. எழுதியவர் வைத்திருந்த பிரதியைக் கரையான் தின்றுவிட்டது.

நூலகங்கள் வேண்டாமென்று விட்டவற்றைத் தனியார்தான் சேர்த்தார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா திருமண அழைப்பிதழ், துண்டறிக்கை, நாடக நோட்டீஸ் வரை சேர்த்தவர். அந்தத் தொகுப்பை 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கி, சென்னையிலேயே ஆய்வு நூலகமாக அமைய வழி செய்தது. ஆகவே, உப்பாறு, சங்கத்து அக்கா கேட்ட அந்தக் கூலிப் பட்டியலை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு உப்பளத்தைப் பற்றி எழுத வருபவர் முதலில் தேடப்போவது அதைத்தான்.

மெய்ப்பாளன்

தமிழ்ப் பதிப்பகங்களில் நெடுநாளாகப் பிரதியைச் செம்மையாக்கும் வேலையில் இருக்கிறேன். ஆய்விதழ்களைப் பற்றிப் பேசுகிறீர்கள். தமிழில் சமூக அறிவின் பெரும்பகுதி நூலாகத்தான் வாசகரிடம் போகிறது என்பதால், நூலின் பொருளாதாரத்தையும் சொல்லிவிடுகிறேன்.

தமிழ்நாட்டில் பொது நூலகச் சட்டம் 1948இலேயே வந்தது. இந்தியாவில் அப்படி வந்த முதல் மாநிலச் சட்டங்களில் அது ஒன்று. சொத்துவரியோடு நூலக வரியும் வசூலாகி, அதிலிருந்து நூல்கள் வாங்கப்படுகின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் சிறிய பதிப்பாளருக்கு நூலக ஆணை (நூலகங்களுக்கு நூல் வாங்கும் அரசின் ஆணை) வருமா வராதா என்பதே ஒரு நூலின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும் நிலை இதனால் உண்டானது. விலையைப் பக்கக் கணக்கில், அதாவது பாரத்துக்கு இவ்வளவு என்று, அரசு நெடுங்காலம் நிர்ணயித்துவந்தது. பதினாறு பக்கம் கொண்ட ஒரு பாரத்தில் கதை இருந்தாலும் கள ஆய்வு இருந்தாலும் விலை ஒன்றாகவே இருந்தது. ஒரு நாவலின் பாரத்தை மெய்ப்புப் பார்க்க ஒரு நாள் போதுமென்றால், அட்டவணையும் அடிக்குறிப்பும் உள்ள ஆய்வு நூலின் பாரத்துக்கு ஒரு வாரம் பிடிக்கும். வரைபடத்துக்கும் பொருளடைவுக்கும் தனியாக யாரும் பணம் தருவதில்லை. எனவே முதலில் வெட்டப்படுவது பொருளடைவு, அடுத்தது துணைநூற்பட்டியல், அதன் பிறகு அட்டவணை. பொருளடைவு இல்லாத ஆய்வு நூலை முழுவதும் படித்தால்தான் பயன்படுத்த முடியும். எனவே அடுத்து வருபவர் அதை விட்டுவிடுகிறார். தமிழ் நூல்களை ஏன் தமிழ் ஆய்வாளர்களே மேற்கோள் காட்டுவதில்லை என்று வருந்துபவர்கள் இந்தச் சில்லறைக் காரணத்தையும் யோசிக்கலாம்.

காலமும் ஒரு காரணம். சென்னைப் புத்தகக் கண்காட்சி 1977இல் தொடங்கியது. இன்று ஆண்டின் முக்கியமான நூல்கள் எல்லாம் ஜனவரியை நோக்கியே ஓடுகின்றன. டிசம்பரில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் நிற்க இடம் இருக்காது. ஆய்வாளர் இன்னும் ஒரு மாதம் கேட்டால், அடுத்த ஜனவரிக்குப் போய்விடும் என்கிறார் பதிப்பாளர். சரிபார்க்காத தேதியும் சரிபார்க்காத மேற்கோளும் அந்த அவசரத்தில்தான் அச்சேறுகின்றன.

மூன்றாவதாக, கசப்பான ஒன்று. நம் பதிப்பகங்களில் பெரும்பாலானவற்றில் ஆய்வு நூலை வெளியாள் ஒருவர் படித்துக் குறை சொல்லும் முறையே கிடையாது. அந்த இடத்தை அணிந்துரை பிடித்துக்கொண்டிருக்கிறது. அணிந்துரை எழுதுபவர் நூலாசிரியரின் ஆசிரியராகவோ நண்பராகவோ இருப்பார். பிழையைக் கண்டாலும் அச்சில் எழுத மாட்டார்.

அச்சிடும் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, முன்பு ஆயிரம், ஆயிரத்து இருநூறு என்று அடித்தவர்கள் இப்போது தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் நூறு, இருநூறு என்று போடுகிறார்கள். ஆய்வு நூலுக்கு இது வரம் என்பேன். விற்குமா என்ற அச்சமில்லாமல் ஓர் உப்பள நூலை இன்று கொண்டுவர முடியும்.

மறுபார்வை

மேலே எழுதியவர்கள் அனைவரும் தமிழ் இதழ், சிற்றிதழ், துண்டறிக்கை ஆகியவற்றின் பக்கம் சாய்ந்திருப்பதால், எதிர்ப்பக்கத்தையும் யாராவது சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். ஆங்கிலக் கல்விப்புலப் பதிப்பு தமிழ்நாட்டுச் சமூகத்தைப் பற்றி நமக்குத் தந்திருக்கும் ஒரு பெரிய கொடையை மறந்துவிடக் கூடாது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி எழுதவைத்த ஆய்வுகள் 1918இல் நூலாக வந்தன. அதில் இடம்பெற்ற இருவேல்பட்டு என்ற ஊர் 1916இல் ஆராயப்பட்டது. 1930களில் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் மேற்கொண்ட மறு ஆய்வு 1940இல் வெளியானது. 1980களின் தொடக்கத்தில் எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் மீண்டும் அங்கே போனார்கள். 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் அதே ஊரை ஆராய்ந்து எழுதினார்கள். நில உடைமை, சாதி, கூலி ஆகியவை ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் எப்படி மாறின என்று சொல்ல முடிகிறதென்றால், முதலில் எழுதியவர் தம் அட்டவணையை வெட்டாமல் அச்சிட்டார், அது நூலகத்தில் நின்றது, அடுத்தவர் அதை எடுத்து ஒப்பிட்டார் என்பதுதான் காரணம். இப்படி ஒரு தொடர்ச்சியைத் தமிழ் மாத இதழ்களை மட்டும் நம்பியிருந்தால் பெற்றிருக்க முடியுமா? அவற்றில் எழுச்சி இருந்தது, கோபம் இருந்தது, நல்ல நடையும் இருந்தது. ஒப்பிடுவதற்கான எண்கள் இல்லை.

அதே ஆங்கில உலகத்துக்குள்ளும் எல்லா இதழ்களும் ஒன்றல்ல. சச்சின் சௌத்ரி 1949இல் பம்பாயில் தொடங்கிய எக்கனாமிக் வீக்லியும், 1966இல் அதன் தொடர்ச்சியாக வந்த எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியும் ஒரு வார இதழுக்குள்ளேயே நடப்புச் செய்திக்கான குறிப்பையும் நீண்ட ஆய்வுக் கட்டுரையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தன. தொழிற்சங்கத்தார், அதிகாரிகள், பேராசிரியர்கள் எல்லாரும் அதில் எழுதினார்கள். இருவேல்பட்டு பற்றிய பிந்தைய கட்டுரைகள் வந்ததும் அங்கேதான். உலக விவாதத்தோடு இணை என்று உப்பாறிடம் சொன்ன இதழுக்குப் பதிலாக, விவரம் நிறைந்த கட்டுரையை விரும்பும் இதழைத் தேடலாம். மதிப்பீட்டாளர் கேட்டார் என்பதற்காகச் சொந்தச் சான்றை வெட்டியது தேவையற்ற பணிவு. பணிவோடு மறுத்து எழுதவும் அந்த முறையில் இடம் உண்டு, பல ஆசிரியர்கள் அதை ஏற்கிறார்கள்.

மொழியையே காரணமாக்குவதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. பிரேசிலில் 1990களின் இறுதியில் தொடங்கிய சியெலோ தளம், போர்த்துகீசியத்திலும் ஸ்பானிஷிலும் வரும் ஆய்விதழ்களை வாசகருக்கு இலவசமாகத் தருகிறது. சாவோ பாவ்லோ மாநிலத்தின் ஆய்வு நிதி நிறுவனம் அதற்குத் துணை நின்றது. அங்கே தம் மொழியில் எழுதியும் மதிப்பீட்டு முறையை விடாமல் வைத்துக்கொள்ள முடிந்திருக்கிறது. இங்கே மத்திய அரசு 2024 நவம்பரில் ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு ஏறத்தாழ 6,000 கோடி ரூபாயை 30 வெளியீட்டாளர்களின் இதழ்களைப் படிப்பதற்காகச் செலவிடுகிறது. படிக்கக் கிடைப்பது நல்லதே. அதில் ஒரு சிறு பங்கை இந்திய மொழிகளில் மதிப்பீட்டுடன் கூடிய இதழ்களை நடத்த ஒதுக்கியிருந்தால், இந்தக் கேள்வியே வேறு விதமாக இருந்திருக்கும்.

படித்துறை

ஒரு சிறு குறிப்பு. மேற்சொன்ன சந்தாத் திட்டம் மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்கானது. தனியார் நிர்வாகத்தில் இயங்கும் கல்லூரி ஒன்றில் பணியாற்றுகிறேன். எங்கள் மாணவர்களுக்கு இப்போதும் கட்டுரையின் சுருக்கம் வரைதான் திறக்கிறது. ஆங்கிலத்தில் வெளியிடுங்கள், தொடர்ச்சி கிடைக்கும் என்று சொல்லும்போது, உப்பாறின் கட்டுரையைத் தூத்துக்குடியிலேயே யாரால் திறந்து படிக்க முடியும் என்பதையும் பார்க்க வேண்டும்.

உப்பாறு

அனைவருக்கும் நன்றி. மறுபார்வை அவர்கள் சொன்ன இருவேல்பட்டின் வரலாறும், பழந்தாள் அவர்கள் சொன்ன ‘தமிழன்’ இதழின் வரலாறும் முதலில் ஒன்றுக்கொன்று எதிரானவையாகத் தோன்றின. யோசித்துப் பார்த்தால் இரண்டிலும் தீர்மானித்தது ஒன்றுதான்: அடுத்து வந்தவர் கையில் முழு வடிவம் கிடைத்ததா, இல்லையா என்பது. எனவே வரிசையை மாற்றிக்கொள்கிறேன். அட்டவணைகளோடு முழுக் கள விவரத்தையும் முதலில் தமிழில் எழுதி முடிப்பேன். ஆங்கிலக் கட்டுரை அதிலிருந்து பிறக்கட்டும். ஆனால் ஒரு தயக்கம். கூலிப் பட்டியலை அப்படியே வெளியிட்டால், சிறிய அளங்களில் யார் சொன்னார்கள் என்பது கங்காணிக்குத் தெரிந்துவிடும். நான்கைந்து பெண்கள் மட்டுமே வேலை செய்யும் இடங்களும் உண்டு. இதற்கு என்ன செய்வது? நூலாகக் கொண்டுவந்தால் அது தொலைந்துபோகாமல் இருக்கவும் வழி சொல்லுங்கள்.

கூடல்வாசி

முதல் கேள்விக்கு: அளத்தின் பெயரைப் போடாதீர்கள். ஊர் அளவில் அல்லது கடற்கரையின் ஒரு பகுதி என்ற அளவில் தொகுத்து, கூலியின் கீழெல்லையையும் மேலெல்லையையும் மட்டும் தாருங்கள். நான்கைந்து பேர் உள்ள இடங்களைப் பக்கத்து இடங்களோடு சேர்த்துவிடுங்கள். வெளியிடும் முன் அந்தப் பெண்களிடமும் சங்கத்திடமும் படித்துக்காட்டுங்கள். எந்த எண்ணால் ஆளை அடையாளம் காண முடியும் என்பது நம்மைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆங்கில இதழின் மதிப்பீட்டாளர் எவரும் செய்ய முடியாத மதிப்பீடும் அங்கே கிடைக்கும். பெயர் உள்ள மூலக் குறிப்பேட்டை எவரிடமும் ஒப்படைக்க வேண்டாம், வழிகாட்டி கேட்டாலும்கூட.

பழந்தாள்

இரண்டாவது கேள்விக்கு என் பங்கு. நூல்களை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் பெற்று அச்சிடுங்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியீட்டாளர் தம் செலவில் பிரதிகளைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். பல சிறிய பதிப்பாளர்கள் இதைச் செய்வதில்லை. நீங்களே நினைவூட்டி, அனுப்பிய சீட்டை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ரோஜா முத்தையா நூலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும்.

ஆய்வேடு எப்படியும் இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்துவைக்கும் சோத்கங்கா இணையதளத்தில் ஏறும். அங்கே உள்ள பழைய தமிழ் ஆய்வேடுகளில் ஒன்றைத் திறந்து ஏதாவது ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். பலவற்றில் எதுவும் அகப்படாது. சில வெறும் படமாக ஏற்றப்பட்டவை. சில பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவை, நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ரோமன் எழுத்துகளாக வரும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடை ஏற்று ஆணையிட்டுவிட்டது. இருந்தும் தட்டச்சு நிலையங்களிலும் நூல் வடிவமைப்பிலும் பழைய எழுத்துருவின் பழக்கம் முற்றிலும் ஒழியவில்லை. நூல் வடிவமைப்பாளர் தம் வசதிக்காகக் கோப்பை மாற்றிக்கொண்டாலும், யூனிகோடில் உள்ள உங்கள் மூலக் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். அட்டவணைகளைப் படமாக ஒட்டாமல் எக்செல் கோப்பாகவே சேமியுங்கள். சங்கத்துக்கான பட்டியலைப் பொறுத்தவரை, நூல் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கூடல்வாசி ஐயா சொன்ன முறையில் எண்களைத் தொகுத்து, இரண்டு பக்கத் துண்டறிக்கையாக, தேதியும் வெளியிட்டவர் பெயரும் ஊரும் அடியில் குறிப்பிட்டு அச்சிட்டுக் கொடுத்துவிடுங்கள். எங்களுக்கும் ஒரு படி அனுப்பினால் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். துண்டறிக்கைகளில் தேதி இல்லாமல் நாங்கள் படும் பாடு தனிக்கதை.